பெட்டிக்குள் கிடக்கும் காலம்

கப்பல் எதிர்ப்பு ஏவுகணை பறப்பது சில நிமிடம். பெட்டிக்குள் கிடப்பது வருடக்கணக்கில். வேகம், தூரம், வெடிமருந்தின் எடை பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. மதுரை கே.புதூரிலும் கப்பலூரிலும் ரப்பர் வளையம் அச்சடிக்கும் பிரஸ் ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கிடக்கும் காலம்தான் முதலில் கண்ணில் படும். மூட்டை அடைக்கும் ரப்பர் சீல் அத்தனை வருடமும் தாங்க வேண்டுமே.

1967 அக்டோபர் 21-ல் போர்ட் சயீது அருகே இஸ்ரேலின் எய்லாத் கப்பலை மூழ்கடித்தது சோவியத்தின் பி-15 ஏவுகணை. 1971 டிசம்பர் 4 இரவு கராச்சி அருகே நம் நிர்காத் படகு பாகிஸ்தானின் கைபர் போர்க்கப்பலை மூழ்கடித்ததும் அதே பி-15தான். அதற்குத் திரவ எரிபொருள்: ஒரு தொட்டியில் நைட்ரிக் அமில வகை, இன்னொன்றில் அமீன் வகை. நைட்ரைல் ரப்பர் அந்த அமிலத்தில் நிற்காது. வைட்டான் என்ற ஃப்ளூரின் ரப்பர் அமீனில் கெடும். ஒரே ரப்பர் வளையத்தை இரண்டு பக்கமும் போட வழியில்லை. பின்னால் வந்த பிரெஞ்சு ஏவுகணை எக்சோசெட் திட எரிபொருளுக்குப் போனதில் இந்தத் தொல்லை ஒழிந்தது. அமெரிக்க ஹார்பூனில் கிளப்பிவிட திட பூஸ்டரும் பறக்க சிறிய டர்போஜெட் இன்ஜினும். பிரமோஸை மூடிய குழலுக்குள்ளேயே கொண்டுபோய் அதிலிருந்தே ஏவுகிறார்கள். உப்புக்காற்று உள்ளே போகாமல் தடுக்கிற வேலை அங்கேயும் சீலுக்குத்தான்.

ஏவுகணைக்கானாலும் தண்ணீர் பம்புக்கானாலும் ஓ-ரிங் என்கிற இந்த சீல் வளையத்தின் கணக்கு ஒன்றே. 3.53 மி.மீ. தடிமனுள்ள வளையத்துக்கு அது உட்காரும் காடியின் (பள்ளத்தின்) ஆழம் 2.8 மி.மீ. என்றால் சுமார் 20 சதவீதம் அமுங்கும். அசையாத மூட்டுக்கு அது சரி. காடியை முழுக்க அடைத்துவிடக் கூடாது. சூட்டில் ரப்பர் விரிய இடம் வேண்டும்.

உண்மையான பரீட்சை கம்ப்ரெஷன் செட், அதாவது அமுக்கிய ரப்பர் திரும்ப எழும்பாமல் தங்கிவிடும் அளவு. 12.5 மி.மீ. உயரமுள்ள ரப்பர் பட்டனை 9.5 மி.மீ.க்கு அமுக்கி, நைட்ரைல் என்றால் 100 டிகிரி சூட்டடுப்பில் (அவன்) 22 மணி நேரம். வெளியே எடுத்து அரை மணி ஆறவிட்டு அளக்க வேண்டும். 11.9-க்கு எழும்பினால், அமுக்கிய 3 மி.மீ.யில் 0.6 திரும்பவில்லை, செட் 20 சதவீதம். எழும்பாத ரப்பர் எத்தனை பளபளப்பாக இருந்தாலும் சில வருடத்தில் மூட்டைக் கைவிடும். பெரும்பாலும் காரணம் அரைவேக்காடு: பிளேட்டனின் (பிரஸ்ஸின் சூட்டுத் தட்டின்) ஓரம் நடுவைவிடக் குளிர்ந்திருக்கும், அல்லது க்யூர் ஆகும், அதாவது ரப்பர் வேகும் பாதியில் கரண்ட் போயிருக்கும். அளவு சரி, கடினம் ஷோர் 70-ம் சரி என்று பார்த்து அனுப்பிவிடுவார்கள். கடினத்தை மட்டும் நம்பி பாஸ் போடுவது நம் பக்கத்துக் கெட்ட பழக்கம். சல்ஃபர் போட்டு வேகவைப்பதைவிட பெராக்சைடு க்யூரில் செட் குறையும், விலைதான் கூடும். வைட்டானுக்கு பிரஸ்ஸோடு வேலை முடியாது, 200 டிகிரிக்கு மேல் அவனில் பல மணி நேரம் போஸ்ட் க்யூர் (இரண்டாம் வேக்காடு) வேண்டும்.

கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வேகாத ரப்பர் கலவைத் தகட்டை அடுக்கினால் அச்சுக்குப் போகும் முன்பே ஸ்கார்ச் ஆக, அதாவது முன்கூட்டியே வேகத் தொடங்கும். பிறகு ரப்பர் சரியாக ஓடாது, மடிப்பு விழும்.

முடித்த வளையத்தை வளையல் மாதிரி ஆணியில் தொங்கவிடுகிறார்களே, அது வேண்டாம். இழுபட்ட நைட்ரைலைக் காற்றிலுள்ள ஓசோன் குறுக்கே விரிசல் விடவைக்கும். பொறி தட்டும் மோட்டாரும் வெல்டிங் செட்டும் பக்கத்தில் இருந்தால் இன்னும் சீக்கிரம். தளர்வாக, வெளிச்சம் புகாத உறையில் போட்டு, உறைமேல் க்யூர் ஆன காலாண்டையும் வருடத்தையும் எழுத வேண்டும். வாங்குகிறவர் ஆயுளைக் கணக்கிடுவது அந்தத் தேதியிலிருந்துதான், பில் தேதியிலிருந்து அல்ல.