அட்டையில் லியெம்பா கப்பல்: உடற்பகுதி முடிந்தது

லியெம்பாவின் உடற்பகுதி ஒருவழியாக முடிந்துவிட்டது. 200இல் ஒரு பங்கு அளவில் அட்டையில் செய்கிறேன். அசல் கப்பலின் நீளம் 71 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். என் மேசையில் அது 36 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரியில் ஓடிய பயணிகள் கப்பல் இது. 1913இல் ஜெர்மனியின் பாப்பன்பர்க் ஊரில், மேயர் கப்பல் தளத்தில் கட்டினார்கள். அப்போது அதன் பெயர் கிராஃப் ஃபான் கோட்சன். கடலிலிருந்து அந்த ஏரிக்குக் கப்பல் போக நீர்வழி கிடையாது. அதனால் பாகம் பாகமாகச் சுமார் 5,000 பெட்டிகளில் அடைத்து, தார் எஸ் சலாம் துறைமுகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து உள்நாட்டுக்குக் கொண்டுபோய் ஏரிக்கரையில் கிகோமாவில் மறுபடி பூட்டினார்கள். அந்த வேலைக்காகவே மேயர் தளத்திலிருந்து மூன்று பேர் போனார்கள்: ஆன்டன் ரியூட்டர், ருடால்ஃப் டெல்மன், ஹெர்மன் வென்ட். 1915 பிப்ரவரியில் கப்பல் ஏரியில் இறங்கியது.

என் கப்பலுக்குக் குறுக்குச் சட்டங்கள் எல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைதான். தடிமனும் விறைப்பும் சரியாக இருக்கிறது, பிளேடு போட்டால் ஓரம் பிசிறு வருவதில்லை. மேலே ஒட்டும் தகடுகளுக்கு மாத்திரை அட்டையின் பின்பக்க அலுமினியத் தாள். மை தீர்ந்த ரீஃபில் முனையால் உள்பக்கம் வரிசையாக அழுத்தினால் வெளிப்பக்கம் ரிவெட் தலைகள் எழும்பி நிற்கின்றன. கணக்குப்படி இந்த அளவில் ரிவெட் கண்ணுக்கே தெரியக்கூடாது. ஆனாலும் வைத்தேன். ஆப்பிரிக்க ஏரிக்கரையில் ஆட்கள் ஒவ்வொன்றாக அடித்து இறுக்கிய கப்பல் என்பது பார்த்த உடனே தெரிய வேண்டும்.

பீரங்கி வைக்கப் போவதில்லை. முதல் உலகப் போரில் இதில் பீரங்கி ஏற்றிப் போர்க்கப்பலாக்கினார்கள் என்பது உண்மை. மாதிரி செய்கிறவர்கள் பலருக்கும் அந்தக் கோலம்தான் பிடிக்கிறது. எனக்கு இது மூட்டை முடிச்சோடு ஜனங்கள் ஏறி இறங்கிய கப்பல். அதனால் 1927இல் அது திரும்ப ஓடத் தொடங்கியபோது இருந்த தோற்றத்தை எடுத்துக்கொண்டேன்.

"திரும்ப" என்று சொன்னதில்தான் எனக்கு மிகப் பிடித்த கதை இருக்கிறது. 1916 ஜூலையில் ஜெர்மானியர்கள் கிகோமாவைவிட்டுப் பின்வாங்கியபோது, கப்பல் எதிரி கையில் போகாமலிருக்க அதை மூழ்கடிக்க உத்தரவு வந்தது. கட்டியவர்களுக்கு மனசு வரவில்லை. பின்னால் ஒருநாள் தூக்கிவிடலாம் என்ற எண்ணத்தில், எஞ்சின்களுக்குத் தடிமனாகக் கிரீஸ் பூசிவிட்டு, பதமாக மூழ்கவிட்டார்கள். 1924இல் பிரிட்டிஷ்காரர்கள் மேலே தூக்கிப் பார்த்தபோது அந்த நீராவி எஞ்சின்கள் ஓட்டக்கூடிய நிலையிலேயே இருந்தன.

வருஷக்கணக்கில் தண்ணீருக்கடியில் கிரீஸ் தாங்குமா? சின்ன அளவில் செய்து பார்த்தேன். ஒரே கடையில் வாங்கிய இரண்டு இரும்பு போல்ட்டு, நட்டோடு. ஒன்றுக்கு மரைக்குள் வரை விரலால் கிரீஸ் அப்பினேன், மற்றது வெறுமனே. இரண்டையும் தனித்தனி ஊறுகாய் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி மொட்டை மாடி ஓரத்தில் வைத்து, மழைக்காலம் முடிந்ததும் எடுத்தேன். வெறும் போல்ட்டு இருந்த பாட்டிலின் அடியில் செம்மண் கரைத்ததுபோல வண்டல். நட்டு ஸ்பேனர் போட்டும் அசையவில்லை. கிரீஸ் போட்டதை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத் திருகினால் விரலுக்கே சுழன்றது. நட்டின் ஒரு முனையில் மட்டும் கிரீஸ் மெலிந்திருந்த இடத்தில், மயிரிழை அகலத்துக்குப் பழுப்புக் கோடு ஓடியிருந்தது.

அந்தக் கோடுதான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தது. உடல் தகட்டில் துரு ஏறினால் சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம். சிலிண்டரின் உட்சுவர், பிஸ்டன் தண்டு, தாங்கிகள் எல்லாம் பளபளவென்று இழைத்து, இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டிய பரப்புகள். அங்கே இப்படி ஒரு கோடு அரித்தாலே நீராவி கசியும். அப்படியானால் அந்த மூன்று பேர் அவசரத்தில் பூசியிருக்க முடியாது, இண்டு இடுக்கு விடாமல் பூசியிருக்க வேண்டும். ஏரி நன்னீர் என்பதும் கைகொடுத்தது. கடலாக இருந்தால் உப்பு வேகமாக அரித்திருக்கும்.

நீராவி எஞ்சின்களை 1970களில் எடுத்துவிட்டு டீசல் வைத்தார்கள். ஓட்டுகிறவர்களுக்கு அது வசதி, மறுக்கவில்லை. ஆனால் அத்தனை அக்கறையாகக் காப்பாற்றிய எஞ்சின்கள் இன்று கப்பலில் இல்லை என்பது எனக்கு வருத்தம்தான். அதற்காகவே மேல்தளத்தில் ஒரு பகுதியைக் கழற்றும்படி வைத்து, உள்ளே நீராவி எஞ்சின் இரண்டையும் காட்டப் போகிறேன். பக்கத்துக்கு ஒரு சுழலி, அதற்கான தண்டுகள் ஊசியில் தயார். சிலிண்டருக்குப் பழைய பேனாக் குழாயை அறுத்து வைத்திருக்கிறேன். அப்புறம் புகைபோக்கி, உயிர்காப்புப் படகுகள். ஊசித் தண்டுகள் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் தளத்தை ஒட்டுவேன்.