இருபது கேள்விகள்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

மார்ச் 3, செவ்வாய்

அண்ணன் மகன் கவினுக்கு, ஆட்டிசம் இருக்கலாமா என்று பார்க்கும் எம்-சாட்-ஆர் கேள்வித்தாளில் ஐந்து புள்ளிகள் வந்திருக்கின்றன. முழுப் பரிசோதனைக்கு ஈப்போவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள், தேதி வரவில்லை.

மார்ச் 4, புதன்

எம்-சாட்-ஆர் படிவத்தை இரவெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கான இருபது கேள்விகள். கவலைக்குரிய ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு புள்ளி. இரண்டு புள்ளி வரை கவலையில்லை. எட்டும் அதற்கு மேலும் வந்தால் நேராக முழுப் பரிசோதனை. மூன்று முதல் ஏழு வரை வந்தால், தவறிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எடுத்துக்காட்டுகளோடு பெற்றோரிடம் மறுபடியும் நிதானமாகக் கேட்க வேண்டும். அண்ணியிடம் யாரும் மறுபடி கேட்கவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த எண்ணை அழைப்பதற்குள் அவசரமாக நிரப்பிக் கொடுத்திருக்கிறார். 2014-இல் டயானா ராபின்ஸ் குழுவினர் 16,071 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், அந்த மறுகேள்விக்குப் பிறகும் சந்தேகம் நீங்காத குழந்தைகளில் 47.5 விழுக்காட்டினருக்கு ஆட்டிசம் உறுதியானது, 94.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு வளர்ச்சிக் குறையோ அது பற்றிய ஐயமோ இருந்தது. இரண்டாவது எண்தான் என்னை உறங்கவிடவில்லை.

மார்ச் 6, வெள்ளி

இத்தகைய கேள்வித்தாள்களைப் பற்றிய என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலுக்குத் திரும்பினேன். பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2018-இல் வந்த தொகுப்பாய்வு, ஏற்கெனவே ஐயத்துக்குரிய குழந்தைகளிடையே எம்-சாட், ஆட்டிசம் உள்ளவர்களில் நூற்றுக்கு 83 பேரைப் பிடிக்கிறது என்கிறது. ஆனால் ஆட்டிசம் இல்லாத குழந்தைகளில் பாதிப்பேரை மட்டுமே சரியாக விலக்குகிறது. 2019-இல் வந்த இன்னொன்று பல கருவிகளைச் சேர்த்துப் பார்த்து, ஆட்டிசம் உள்ளவர்களில் 72 விழுக்காட்டினரைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 98 விழுக்காட்டினரைச் சரியாக விலக்குகிறது என்று முடிக்கிறது. 2023-இல் வந்தது 83, 94 என்கிறது. எந்தக் குழந்தைகளிடம் கேட்டார்கள் என்பதைச் சொல்லாமல் இந்த எண்களை ஒரே வரிசையில் அடுக்குவது நியாயமில்லை என்பதை இயலின் முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன்.

அண்ணன் தொலைபேசியில், "83 என்றால் என் பிள்ளைக்கு 83 விழுக்காடு உறுதியா?" என்று கேட்டார். தாளில் கணக்குப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். ஆயிரம் குழந்தைகளில் இருபது பேருக்கு ஆட்டிசம் என்று வைத்துக்கொண்டால், 83 விழுக்காடு என்பது 17 பேர். மீதி 980 பேரில் ஆறு விழுக்காடு, அதாவது 59 பேர், காரணமின்றிச் சிக்குவார்கள். சந்தேகப்பட்டியலில் உள்ள 76 பேரில் 17 பேருக்குத்தான் உண்மையில் ஆட்டிசம். அண்ணன் வெகுநேரம் பதில் போடவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மின்விசிறியைச் சுட்டிக் காட்டினேன். கவின் என் விரலைப் பார்த்தான், பிறகு என் வளையலைப் பிடித்துச் சுழற்றத் தொடங்கினான். முதல் கேள்வி அதுதான். "உன் அண்ணனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்" என்று அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னார்.

மார்ச் 11, புதன்

38. இங்கிலாந்தில் 18 மாதக் குழந்தைகள் 16,235 பேரிடம் எம்-சாட்டுக்கு முன்னோடியான பழைய சாட் கருவியைப் பயன்படுத்தி, பிறகு பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களில் அது முதலில் பிடித்தது 38 விழுக்காட்டினரை. ஃபிலடெல்ஃபியாவில் 25,999 குழந்தைகளை மருத்துவப் பதிவுகள் வழியே தொடர்ந்து 2019-இல் வெளியிட்டபோது எம்-சாட்டுக்கு வந்தது 38.8. அங்கும் மறுகேள்வி தேவைப்பட்டவர்களில் பாதிக்கும் குறைவானோரிடமே அது கேட்கப்பட்டது. பெரும்பாலான ஆய்வுகள் தேறிவிட்ட குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுகின்றன. தவறவிட்டவர்கள் எத்தனை பேர் என்ற கட்டம் வெறுமையாகவோ ஊகமாகவோ இருக்க, கருவியின் திறன் உயர்ந்து தெரிகிறது. ஆய்வுகளின் தரத்தை மதிப்பிடும் குவாடாஸ்-2 சரிபார்ப்பில் இந்த இடத்தில் ஆய்வுக்குப் பின் ஆய்வாகச் சிவப்புக் குறி இடுகிறேன். தேறிய பிள்ளைகளின் தாய்மாரை நினைத்தால் கோபம் வருகிறது.

மார்ச் 13, வெள்ளி

தேதி வரவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

ஆய்வுகளின் முடிவுகளைக் குறித்த வரைபடத்தில் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. நடுவே போகும் வளைகோட்டை மட்டும் காட்டினால் பேராசிரியர் மகிழ்வார்; சிதறலையும் காட்டத்தான் போகிறேன். என் அட்டவணையில் தோட்டப்புறத்துக் குழந்தைகள் யாரும் தனியாக எண்ணப்படவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

கவின் உறங்கிய பிறகு அண்ணியை உட்காரவைத்து, தவறிய ஐந்து கேள்விகளையும் விதிப்படி மறுபடி கேட்டேன். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறான் என்பதற்கு அண்ணி மூன்று நிகழ்ச்சிகளைச் சொன்னார், அது விலகியது. மற்றக் குழந்தைகளைப் பார்க்கிறானா என்பதும் விலகியது. வேண்டியதை விரலால் சுட்டிக் கேட்கிறானா என்றபோது, அண்ணி "ஆமாம்" என்று சொல்லும் முன் அம்மா குறுக்கிட்டார்: "சுட்டுவதில்லை. என் கையைப் பிடித்து இழுத்துப்போய் மைலோ டின் முன்னால் நிறுத்துவான்." அது கணக்கில் நின்றது. மிச்சம் மூன்று. மறுகேள்விக்குப் பிறகு இரண்டு இருந்தாலே பரிசோதனை தேவை.

"அப்படியென்றால் அந்த 94.6 விழுக்காட்டில் நம் பிள்ளை இருக்கிறானா?" என்று அண்ணி கேட்டார். நான் அதிகாரபூர்வமாகக் கேட்டவள் இல்லை என்றாலும், ஆட்டிசம் என்று முடிவாகும்வரை பேச்சுப் பயிற்சிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்று சொன்னேன். அம்மா, அந்த மூன்றையும் தாளில் எழுதிக் கொடு என்றார்.

மார்ச் 18, புதன்

பெருநாள் விடுமுறைக்கு முன் தேதி கிடைக்காது என்கிறார்கள். அம்மா தாளோடு நாளைக் காலை பேருந்தில் ஈப்போவுக்குப் போவதாகச் சொல்கிறார். நானும் போகிறேன்.