குளச்சல் வெற்றித்தூண், நம்ம கரையோட கதை

நாகர்கோவில்ல இருந்து குளச்சலுக்கு பஸ் ஏறினா 20 கிலோமீட்டர் வாக்குல தான் இருக்கும், இறங்கி கடலைப் பாத்து நடந்தா கடற்கரைக்குப் பக்கத்துல ஒரு கல்தூண் நிக்கிறதப் பாக்கலாம். மீன் வாங்க வர்றவங்க, கடல்காத்து வாங்க வர்றவங்க, பைக்ல சும்மா ஒரு ரவுண்டு வர்ற பயலுவ, நெறைய பேரு அதைத் தாண்டி தான் போவாங்க, நின்னு பாக்கிறவங்க கம்மி. 1741ல திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மாவோட படை டச்சுக்காரங்களோட கிழக்கிந்திய கம்பெனிப் படையை இதே கரையில தோக்கடிச்சதுக்கு அடையாளமா நிக்குற வெற்றித்தூண் அது. எனக்கு அந்தத் தூணைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு ஆசை. எங்க அம்மைக்கு ஊரு குளச்சல் பக்கம், அதனால இந்தக் கதையை நான் புத்தகத்துல படிக்கிறதுக்கு முன்னாடியே வீட்டுல கேட்டிருக்கேன். வீட்டுல கேட்டதுக்கும் புத்தகத்துல படிச்சதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு, அதைத் தான் சொல்ல வர்றேன்.

சண்டை எதுக்குன்னு கேட்டா, நல்லமிளகுக்கு. 1663ல போர்த்துகீசியர் கிட்ட இருந்து கொச்சியைப் பிடிச்ச டச்சுக்காரங்க, மலையாளக் கரையில இருந்த சின்னச் சின்ன ராஜாக்கள் கூட ஒப்பந்தம் போட்டு மிளகை தங்களுக்கு சாதகமான விலைக்கு வாங்கிட்டு இருந்தாங்க. 1729ல மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தாரு, வந்ததும் பக்கத்துல இருந்த அந்த சின்ன நாடுகளை ஒவ்வொண்ணா தன் கையில கொண்டு வர ஆரம்பிச்சாரு, அவரு ஒரு நாட்டைப் பிடிச்சா அங்க டச்சுக்காரன் போட்ட மிளகு ஒப்பந்தம் அதோட போச்சு. கம்பெனி சும்மா இருக்குமா? இலங்கையில டச்சு கவர்னரா இருந்த வான் இம்ஹாஃப் 1739ல நேர்ல வந்து மகாராஜா கிட்ட பேசி, பிடிச்ச நாட்டை விட்டுக் குடுக்கலைன்னா படை வரும்னு மிரட்டினாரு. அதுக்கு மகாராஜா, வர்ற படையை நான் பாத்துக்கிறேன், தேவைப்பட்டா நானே ஐரோப்பா மேல படையெடுக்க யோசிக்கிறேன்னு பதில் சொன்னதா திருவிதாங்கூர் வரலாறு எழுதினவங்க எழுதி வச்சிருக்காங்க. அந்த ஒரு பதிலுக்காகவே எனக்கு இந்த மனுசனைப் பிடிக்கும்.

அப்புறம் 1741ல இலங்கையில இருந்து டச்சுக் கப்பல் வந்து குளச்சல்ல படையை இறக்குச்சு. ஏன் குளச்சல்னா, மேப்பைப் பாத்தா புரிஞ்சிரும், அப்போ திருவிதாங்கூருக்கு தலைநகரம் திருவனந்தபுரம் இல்ல, தக்கலை பக்கத்துல இருக்குற பத்மநாபபுரம் தான், அங்க இருந்து குளச்சல் கரை 13, 14 கிலோமீட்டர் தான் வரும். கரையில இறங்கி நேரா நடந்தா தலைநகரம். அவங்களும் கரையோர ஊருகளைக் கொள்ளையடிச்சு இரணியல் வரைக்கும் வந்துட்டாங்க. மகாராஜா அப்போ வடக்க சண்டையில இருந்தாரு, சேதி கேட்டு தளவாய் (தலைமை மந்திரி) ராமய்யனோட தெக்க ஓடி வந்தாரு, வர்ற வழியில திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில்ல வாளை வச்சு கும்பிட்டுட்டு தான் களத்துக்குப் போனாருன்னு சொல்லுவாங்க. சண்டை ஒரே நாளுல முடியல, டச்சுக்காரங்க குளச்சல்ல வேலி போட்டு கோட்டை மாதிரி அமைச்சு உள்ள உக்காந்துட்டாங்க, திருவிதாங்கூர் படை சுத்தி வளைச்சு நின்னுச்சு, கடல்ல பருவமழைக் காலம் வேற. ஒரு நாளு திருவிதாங்கூர் பீரங்கிக் குண்டு ஒண்ணு உள்ள இருந்த வெடிமருந்துப் பீப்பாய்ல விழுந்து, தீ பிடிச்சு, வச்சிருந்த அரிசி எல்லாம் எரிஞ்சு போச்சு. சோத்துக்கு வழியில்லாம சரணடைஞ்சாங்க. தேதி விஷயத்துல ஆகஸ்ட் 10ன்னும் ஜூலை 31ன்னும் ரெண்டும் புழங்குது, பழைய காலண்டர் புதுக் காலண்டர் கணக்குல வர்ற வித்தியாசம்னு சொல்றாங்க.

இது புத்தகம். இப்ப வீட்டுல கேட்டது.

எங்க பாட்டா சொல்லுவாவ, மகாராஜா படை வந்து சேர்றதுக்கு முன்னாடி கரையில இருந்தது மீன்பிடிக்கிற முக்குவர் சனம் தான், அவிய தான் துடுப்பை தோள்ல வச்சுகிட்டு துப்பாக்கி பிடிச்ச பட்டாளம் மாதிரி கரை நீளத்துக்கு வரிசையா நின்னாவ, மாட்டு வண்டியில பனந்தடியை ஏத்தி பீரங்கி மாதிரி கடலைப் பாத்து திருப்பி வச்சாவ. “மக்களே, தூரத்துல கப்பல்ல நிக்கிறவனுக்கு எது துடுப்பு எது துப்பாக்கின்னு எப்பிடி தெரியும்?” அப்பிடின்னு கேப்பாவ, கேக்கும்போது அவிய கையும் தானா தோளுக்குப் போவும். பனந்தடியா தென்னந்தடியான்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, மகாராஜா ஆளுக சொல்லி செஞ்சாங்களா இவிங்களா செஞ்சாங்களான்னும் ஆளுக்கு ஒரு கதை உண்டு. டச்சு ரெக்கார்டுல இதை எதிர்பாக்க முடியாது, துடுப்பைப் பாத்து ஏமாந்தோம்னு எந்த கம்பெனிக்காரன் தலைமை ஆபீசுக்கு லெட்டர் எழுதுவான். ஆனா கடல்ல இறங்கி கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல போக்குவரத்தைத் தடுக்கவும், எப்போ எந்தப் பக்கம் அலை அடிக்கும், எங்க வள்ளம் ஏத்தலாம்னு சொல்லவும், அந்தக் கரையில வேற யாருக்குத் தெரியும்? குளச்சல் கடல் தெரியாதவன் பருவமழைக் காலத்துல அங்க ஒண்ணும் பண்ண முடியாது. அதனால கதை எந்த உருவத்துல இருந்தாலும் அதுக்குள்ள ஒரு உண்மை உக்காந்திருக்குன்னு நான் நம்புறேன்.

அந்தத் தூண் ராஜாவோட வெற்றிக்கு நிக்குது, நிக்கட்டும், அவரு ஜெயிச்சாரு. ஆனா அது நிக்கிற மண்ணு அந்த மீன்பிடி சனத்தோட மண்ணு, அவங்க வள்ளத்தைத் தள்ளி ஏத்துற கரை. 2004 டிசம்பர்ல சுனாமி வந்தப்போ தமிழ்நாட்டுல ரொம்ப அடிபட்ட ஊருகள்ல குளச்சலும் ஒண்ணு, வீடு வீடா சாவு, அந்த நாளுகளை இங்க யாரும் மறக்கல. அப்பிடி எல்லாத்தையும் குடுத்தும் இன்னைக்கும் அதே கடலுக்குப் போற ஆளுகளோட முப்பாட்டன்மார் தான் அன்னைக்கு துடுப்போட நின்னது. தூணுக்குப் பக்கத்துல ஒரு துடுப்பு பிடிச்ச மனுசன் சிலை வைக்கணும், தமிழ்ல கொட்டை எழுத்துல அவங்க கதையும் எழுதணும், இது என் ஆசை.

இன்னொரு விஷயம், இண்டர்நெட்ல எங்க பாத்தாலும் ஆசியாவுலயே முதல் தடவையா ஒரு ஐரோப்பிய படையை தோக்கடிச்சது குளச்சல்ல தான்னு ஒரு வரி சுத்திகிட்டு இருக்கு. அது சரியில்ல. அதுக்கு 79 வருஷத்துக்கு முன்னாடியே, 1662ல, தைவான்ல செங் செங்கோங்னு ஒரு சீனத் தளபதி இதே டச்சுக்காரங்க கோட்டையைப் பிடிச்சு விரட்டிட்டாரு, 1739ல சிமாஜி அப்பா தலைமையில மராத்தியர் போர்த்துகீசியர் கிட்ட இருந்து வசாய் கோட்டையைப் பிடிச்சாங்க, கோழிக்கோடு பக்கம் குஞ்ஞாலி மரைக்காயர்கள் கடல்ல போர்த்துகீசியரைப் படுத்தின பாடு தனி. குளச்சலுக்குப் பெருமை வேணும்னு பொய்யான முதலிடம் குடுக்க வேண்டிய அவசியமே இல்ல. குளச்சலோட பெருமை அதுக்குப் பின்னாடி நடந்ததுல இருக்கு. அந்தத் தோல்விக்கு அப்புறம் மலையாளக் கரையில டச்சுக்காரங்க கை மேல வரவே இல்ல, 1753ல மாவேலிக்கரையில உடன்படிக்கை போட்டு இனி திருவிதாங்கூர் விஷயத்துல தலையிட மாட்டோம்னு ஒத்துகிட்டாங்க. பெரிய கடல்படை வச்சிருந்த ஒரு கம்பெனி இந்த சின்ன ராஜ்யத்துக்கு எழுதிக் குடுத்துட்டுப் போச்சு. இத விட என்ன வேணும்?

பிடிபட்டவங்கள்ல தளபதி யூஸ்டாச்சியஸ் டி லனாயும் ஒருத்தர், அவரோட கதை தான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். கொல்லல, திருப்பியும் அனுப்பல, என் படைக்கு நீ பயிற்சி குடுன்னு மகாராஜா கேட்டாரு. அவரும் ஒத்துகிட்டு, ஐரோப்பிய முறையில படையைப் பழக்கி, புலியூர்க்குறிச்சியில இருக்குற உதயகிரி கோட்டையைப் புதுசா கட்டி, அங்கயே பீரங்கி வார்க்குற பட்டறை வச்சு, கன்னியாகுமரி பக்கத்துல வட்டக்கோட்டையைப் பலப்படுத்தி, வடக்க கொச்சி எல்லையில நெடுங்கோட்டைன்னு மைல் கணக்குல நீளமான மதில் எழுப்பி, கிட்டத்தட்ட 37 வருஷம் இந்த மண்ணுலயே வேலை பாத்தாரு. சனங்க அவரை வலிய கப்பித்தான் (பெரிய கேப்டன்)னு கூப்பிட்டாங்க, உதயகிரி கோட்டைக்கு டிலனாய் கோட்டைன்னே இன்னொரு பேரு வந்துச்சு. 1789 கடைசியில திப்பு சுல்தான் படை வந்து மோதினது அவரு கட்டின அந்த நெடுங்கோட்டையில தான். அவரு அதைப் பாக்கல, 1777 ஜூன் 1ல செத்துட்டாரு. கல்லறை உதயகிரி கோட்டைக்குள்ளயே இருக்கு, கல்லுல லத்தீன்லயும் தமிழ்லயும் எழுத்து வெட்டியிருக்கு. ஜெயிச்ச ராஜாவுக்கு கடற்கரையில ஒரு கல்லு, தோத்த தளபதிக்கு கோட்டைக்குள்ள தமிழ்ல ஒரு கல்லு, ரெண்டும் ஒரே தாலுகாவுக்குள்ள.

அந்தக் கோட்டை வேலை நடந்தப்போ தான் பத்மநாபபுரம் அரண்மனையில அதிகாரியா இருந்த நட்டாலத்து நீலகண்ட பிள்ளைக்கு டி லனாய் கூட பழக்கம் ஏற்பட்டுச்சு. வீட்டுல கஷ்டம் மேல கஷ்டம் வந்து மனசு ஒடஞ்சிருந்தப்போ பைபிள்ல வர்ற யோபு கதையை டி லனாய் தான் அவருக்குச் சொன்னதா சொல்லுவாங்க. 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனாரு, அதே மார்த்தாண்ட வர்மா ஆட்சியில கைதாகி, எருமை மேல பின்பக்கம் பாத்து உக்கார வச்சு ஊரு ஊரா இழுத்து, 1752 ஜனவரி 14ல ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. 2022 மே மாசம் ரோம்ல புனிதர் பட்டம் குடுத்தாங்க. குளச்சல்ல அந்த சண்டை நடக்கலைன்னா இந்த ரெண்டு பேரும் சந்திச்சிருக்கவே மாட்டாங்க. அந்தத் தூணைப் பாத்து நான் பெருமைப்படுற அளவுக்கு இதையும் சேத்து நினைக்கிறேன், ஏன்னா ஜெயிச்ச ராஜா எல்லா விஷயத்துலயும் நல்ல ராஜா இல்ல. மிளகு விஷயத்துலயும் அதே தான், டச்சுக்காரன் கையில இருந்து போன மிளகு வியாபாரம் விவசாயி கைக்கு வரல, சர்க்காரே ஏகபோகமா எடுத்துகிட்டு தான் சொன்ன விலைக்கு வாங்குச்சு. அந்தப் பணத்துல தான் கோட்டையும் பட்டாளமும்.

இந்தத் தூணுக்கு ஒரு எல்லைப் பிரச்சினையும் இருக்கு. 1956 நவம்பர் 1ல கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்துச்சு, அதுக்காக இங்க உயிரைக் குடுத்தவங்க உண்டு, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா அதோட திருவிதாங்கூர் வரலாறு கேரளா பக்கம் போயிருச்சு, அது நடந்த இடம் எல்லாம் நம்ம பக்கம் நின்னுருச்சு. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டுல இருக்கு, பாத்துக்கிறது கேரளா அரசு, அதுக்குள்ள டி லனாய் மகாராஜா முன்னாடி சரணடையிற மாதிரி ஒரு ஓவியம் மாட்டியிருக்கு, திருவனந்தபுரத்துல இருந்து டூரிஸ்ட் பஸ்ல வர்ற பிள்ளைகள் எல்லாம் அதைப் பாத்துட்டு அப்பிடியே திரும்பிப் போறாங்க, அந்த சண்டை நடந்த கரை பக்கத்துல தான் இருக்குன்னு அவங்களுக்கு யாரும் சொல்றதில்ல. இந்தப் பக்கம் நம்ம பிள்ளைகளுக்கு கட்டபொம்மன் தெரியும், மருது சகோதரர்கள் தெரியும், குளச்சல் தெரியாது. நான் படிச்ச காலத்துல சண்டை நடந்த மாவட்டத்துலயே அதுக்கு ரெண்டு வரிக்கு மேல கிடைக்கல.

மறக்காதது பட்டாளம் தான். திருவிதாங்கூரோட நாயர் பட்டாளம் சுதந்திரத்துக்கு அப்புறம் இந்திய ராணுவத்துல மெட்ராஸ் ரெஜிமென்டோட 9வது பட்டாலியனா சேந்துச்சு, திருவனந்தபுரம் பாங்கோடு ராணுவ முகாம்ல ஒரு மைதானத்துக்கு குளச்சல்னே பேரு. ஜூலை 31 வாக்குல ராணுவத்துல இருந்து வந்து தூணுக்கு மலர்வளையம் வச்சு மரியாதை செய்வாங்க. அன்னைக்கு ஒரு நாளு தூணைச் சுத்தி சுத்தமா இருக்கும், சல்யூட் அடிக்கிறதப் பாக்க கடலுக்குப் போகாத ஆளுகளும் சின்னப் பயலுவளும் நிப்பாங்க. பாக்கும்போது தொண்டை அடைக்கும் எனக்கு.

யாராவது பாக்கணும்னு நினைச்சா, காலையில முதல்ல உதயகிரி கோட்டைக்குப் போங்க, நாகர்கோவில் – திருவனந்தபுரம் ரோட்டுல தக்கலைக்கு முன்னாடியே வரும், உள்ள கல்லறையைப் பாத்துட்டு பத்மநாபபுரம் அரண்மனை, திங்கள்கிழமை லீவு, பாத்துக்கோங்க. மத்தியானத்துக்கு மேல தக்கலையில இருந்து திங்கள்நகர் வழியா குளச்சல் வந்தா டச்சுக்காரன் வர ஆசைப்பட்ட பாதையை ஏறக்குறைய எதிர்த்திசையில வந்த மாதிரி இருக்கும். தூணைப் பாத்துட்டு கரையில வலை பின்னிட்டு இருக்குற வயசானவங்க யாராவது இருந்தா பக்கத்துல உக்காந்து துடுப்புக் கதையைக் கேளுங்க. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி சொல்லுவாங்க, எல்லாத்தையும் போன்ல ரெக்கார்ட் பண்ணி வைங்க, இன்னும் கொஞ்ச வருஷத்துல சொல்ல ஆளு இருக்காது.