கடல் தெரியும் வீடு, திறக்காத கண்ணாடி

நீலாங்கரையிலிருந்து முட்டுக்காடு வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடல் பக்கத்தில் விற்பனைக்கு வரும் பெரிய வீடுகளின் விளம்பரம் எதையும் நான் விடுவதில்லை. பத்துக் கோடி, இருபது கோடி, அதற்கும் மேலே. வாங்கும் வசதி எனக்கு இல்லை. குரோம்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறேன். கட்டடப் பொறியாளர் ஒருவரின் அலுவலகத்தில் வீட்டு வரைபடம் வரைவது என் வேலை. பணம் ஒரு தடையாக இல்லாதபோது நம் ஊர்க்காரர்கள் எப்படிப்பட்ட வீட்டைக் கட்டிக்கொள்கிறார்கள் என்று பார்க்கத்தான் இவற்றைப் படிக்கிறேன். இன்று அங்கே செய்வதைத்தான் சில ஆண்டுகள் கழித்து மேடவாக்கத்திலும் பெரும்பாக்கத்திலும் வங்கிக் கடனில் வீடு வாங்குகிறவர்களின் தலையில் கட்டுகிறார்கள். அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் படிக்கிறேன்.

படங்களை நான் நம்புவதில்லை. அகலக்கோண லென்ஸ் பத்தடி அறையையும் கல்யாண மண்டபமாகக் காட்டிவிடும். தரையின் டைல்ஸை எண்ணினால் உண்மை தெரிந்துவிடும். பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடிதான் பதிப்பார்கள்; சுவருக்குச் சுவர் ஆறு டைல்ஸ் என்றால் பன்னிரண்டு அடி. இத்தாலிய மார்பிள் போட்ட வீட்டில் அந்த வழி உதவாது, கதவின் உயரம் ஏழடி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும்.

அடுத்து நான் பார்ப்பது கடல் பக்கச் சுவர். சென்னையில் கோடை நாளில் நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கடற்காற்று ஊருக்குள் நுழைகிறது. மாம்பலத்திலும் அம்பத்தூரிலும் இருப்பவர்கள் அது வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறார்கள். இந்த வீடுகளின் வாசலிலேயே அது நிற்கிறது. ஆனால் அந்தப் பக்கம் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே கண்ணாடிச் சுவர். அதில் திறக்கிற பகுதி ஓரத்தில் ஒரு கதவு மட்டுமே. காலை வெயில் முழுவதும் உள்ளே இறங்கும். அதை வெளியேற்ற நாள் முழுக்க ஏசி ஓட வேண்டும். கிழக்கே ஜன்னல் வைத்தால் மட்டும் காற்று வந்துவிடாது, மேற்கே அது வெளியேற இன்னொரு வழி வேண்டும். இரட்டை உயர ஹால் என்றால் உச்சியில் சூடான காற்று போக ஒரு திறப்பாவது வேண்டும். நம் பாட்டன்கள் கூரைக்கு அடியில் சின்ன வென்டிலேட்டர் வைத்தது அதற்காகத்தான். இந்த ஹால்களில் அந்த இடத்தில் அலங்கார விளக்கு தொங்குகிறது. கடற்காற்றைக் கோடிகள் கொடுத்து வாங்கி, அதை வெளியே நிறுத்திவிடும் வீடு எனக்குப் பெரிய வீடாகத் தெரிவதில்லை.

சமையலறைகள் இரண்டு. முதலாவது ஹாலோடு சேர்ந்த திறந்த சமையலறை; நடுவில் மார்பிள் மேடை, அதன்மேல் ஒரு கிண்ணத்தில் எலுமிச்சம்பழங்கள். அங்கே வஞ்சிரம் வறுத்தால் சோபா முழுக்க நாற்றம் ஏறும் என்று கட்டியவருக்கே தெரியும். ஆகவே பின்னால், மேற்குச் சுவரை ஒட்டி, ஏழடி அகலத்தில் இன்னொன்று. உண்மையில் தாளிப்பதும் அரைப்பதும் அங்கேதான். மாலை வெயில் நேராக விழும் அந்தச் சுவரில் ஒரே ஒரு சின்ன ஜன்னல். விளம்பரத்தில் அதற்குப் படம் கிடையாது. ஈரத்துணி காயப்போடும் இடத்துக்கும் படம் இல்லை, ஏனென்றால் அந்த இடமே இல்லை.

வேலையாள் அறையைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. வரைபடத்தில் அதை எப்போதும் மூலையில் காணலாம்: கேட்டுக்குப் பக்கத்தில், மின்கலங்கள் வைக்கும் அறையை ஒட்டி, அல்லது மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே. ஆறடிக்கு ஏழடி என்று எழுதியிருப்பதைக் கண்டிருக்கிறேன். 42 சதுர அடி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருக்க ஓர் அறைதான் என்றால் அது குறைந்தது 9.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. ஏறக்குறைய 102 சதுர அடி. அதே வரைபடத்தில் ஒரு கார் நிறுத்த 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் ஒதுக்கியிருக்கிறார்கள். காருக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஒரு மனுஷிக்குக் கொடுக்கவில்லை. பல வரைபடங்களில் அந்த அறையைக் கிடங்கு என்று பெயரிட்டு அனுமதி வாங்குகிறார்கள். அதற்குள் கட்டில் போட்டால் கதவு முழுவதும் திறக்காது. ஐந்து படுக்கையறை, ஏழு குளியலறை கொண்ட வீட்டில் இடம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இப்படி வரையச் சொன்னவர்களும் தவறு செய்கிறார்கள், வரைந்து கொடுக்கிற என் தொழில்காரர்களும் தவறு செய்கிறார்கள்.

தண்ணீரைப் பற்றி விளம்பரங்கள் வாய் திறப்பதில்லை. இந்தக் கரையோரத்தில் மணலுக்கடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின்மேல் மெல்லிய படலமாகத்தான் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கடல் உள்ளே வந்துவிடும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். வரைபடத்தில் அதற்கான குழியைத் தேடினால் பாதி நேரம் கிடைக்காது, நீச்சல் குளம் மட்டும் தவறாமல் இருக்கும். முப்பதடி நீளம், பன்னிரண்டடி அகலம், நாலடி ஆழம் என்றால் நாற்பதாயிரம் லிட்டருக்கு மேல். 2019 கோடையில் இந்த நகரம் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றதை நினைத்துக்கொள்கிறேன்.

குழாய் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள், கான்கிரீட் என்ன தரம் என்று சொல்வதில்லை. உப்புக் காற்று கம்பியைத் தின்றுவிடும். துருப்பிடித்த கம்பி உப்பி, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி கடற்கரைச் சூழலில் குறைந்தது எம்-30 தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவரும், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டும், வேண்டும். வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "சொந்தக் கடற்கரை" என்று எழுதுகிறார்கள். அந்த மணலில்தான் பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் படகை ஏற்றிவைத்து வலை உலர்த்துகிறார்கள். அலை வந்து போகும் கரை எந்த வீட்டின் பத்திரத்திலும் சேராது.

இவற்றிலிருந்து கண்ணை எடுத்துக் காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கத்துப் பழைய செட்டிநாட்டு வீடுகளின் விளம்பரங்களுக்குப் போவேன். பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல், முட்டை வெண்கரு சேர்த்துப் பூசிய வழவழப்பான சுவர். எனக்கு அவற்றைவிட முற்றம்தான் முக்கியம். நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து மழையை அங்கே இறக்குகிறது, வெக்கை அதே வழியாக மேலே போகிறது. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு. நடுவே கதவுகள் நேர்கோட்டில் திறந்திருந்தால் வீடு முழுக்கக் காற்று ஓடும். குறையே இல்லாத வீடுகள் அல்ல. பெண்களும் அடுப்பும் கடைசிக் கட்டுக்குத் தள்ளப்பட்டார்கள். வளவை, அதாவது முற்றத்தைச் சுற்றிய அறைகள் சாமான் வைக்கத்தான் உதவும். பங்காளிகள் பலர் என்பதால் விற்பதும் எளிதல்ல. விலை படியாதபோது தூணும் கதவு நிலையும் தனித்தனியாகக் கழன்று கடைக்குப் போய்விடுகின்றன. அதைப் பார்க்க வயிறு எரிகிறது.

எனக்கு உண்மையாகவே பிடித்த வீடு சென்ற மாதம் திருவான்மியூரில் விற்பனைக்கு வந்தது. தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டும். கிழக்கிலும் தெற்கிலும் ஆழமான வராந்தா, ஜன்னலுக்கு மேலே இரண்டடி வெயில் தடுப்பு, சமையலறைக்கு வெளியே துணி துவைக்கும் கல்லும் கிணறும், பின்பக்கம் காற்றோட்டமான ஓர் அறை. விளம்பரத்தில் "இரண்டு கிரவுண்டு மனை, பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். கட்டடத்துக்கு ஒரு ரூபாய்கூட மதிப்பில்லை, விலை முழுவதும் மண்ணுக்கு. வாங்கப் போகிறவர் யாராக இருந்தாலும், இடிக்க ஆள் பேசுவதற்கு முன் ஒரு மே மாதப் பிற்பகலில் அந்தத் தெற்கு வராந்தாவில் உட்கார்ந்து பார்க்கட்டும். பிறகு, மேலே இன்னொரு தளம் எழுப்ப அடித்தளம் தாங்குமா என்று ஒரு நல்ல பொறியாளரிடம் கேட்கட்டும்.