மெமரிப் பஞ்சத்தில் பிறந்த சிம்பியன்

நோக்கியா விழுந்ததற்குக் காரணம் கேட்டால், தொடுதிரையைக் கோட்டைவிட்டதுதான் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் 2008இலேயே 5800 எக்ஸ்பிரஸ்மியூசிக் தொடுதிரையோடு வந்துவிட்டது. கோளாறு அந்தத் திரைக்கு அடியில் ஓடிய சிம்பியன் என்ற இயங்குதளத்தில் இருந்தது. சிம்பியனுக்கு ஆப் எழுத உட்கார்ந்த எவரும் முதல் வாரத்திலேயே அதை உணர்ந்திருப்பார்கள்.

சிம்பியனின் வேர், சையான் நிறுவனம் தன் கையடக்கக் கணினிகளுக்காக எழுதிய எபாக் இயங்குதளம். 1997இல் வந்த சீரிஸ் 5இல் மொத்த ரேமே 4 அல்லது 8 எம்பி. எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும் கருவி என்பதால் ஒரு பைட்கூடக் கசியக் கூடாது. அந்தக் கவலை மொழியையே வளைத்தது. சி++ நிரல்மொழியில் பிழையைக் கையாளும் வழக்கமான முறையான எக்செப்ஷனுக்குப் பதில், பிழை வந்தால் பாதியிலேயே வெளியேறும் 'லீவ்' என்றொரு ஏற்பாடு. லீவ் ஆகக்கூடிய ஒவ்வொரு ஃபங்ஷனின் பெயரும் 'எல்' எழுத்தில் முடிய வேண்டும். ஹீப் என்ற மெமரிப் பகுதியில் ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கினால், லீவ் ஆகக்கூடிய அடுத்த வரி வருவதற்குள் அதை கிளீனப் ஸ்டாக் என்ற துப்புரவுப் பட்டியலில் தள்ள வேண்டும். வேலை முடிந்ததும் வெளியே எடுக்க வேண்டும். தள்ள மறந்தால் மெமரி கசியும். எடுக்க மறந்தால் ஆப் விழும். ஆப்ஜெக்டைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் கன்ஸ்ட்ரக்டருக்குள் லீவ் கூடாது என்பதால், ஆப்ஜெக்ட் உருவாக்குவதே இரண்டு கட்ட வேலை.

ஒரு சாதாரணச் சொற்றொடரை வைத்துக்கொள்ளவே டிபஃப், எச்பஃப்சி, டிபிடிஆர் என்று பல டிஸ்கிரிப்டர்கள். 20 எழுத்து என்று அறிவித்த இடத்தில் 21ஆவதைச் சேர்த்தால் 'யூசர் 11' பேனிக், அதாவது ஆப்பை அங்கேயே நிறுத்திவிடும் பிழை. காத்திருந்து முடியும் வேலைகளைக் கவனிக்கும் ஆக்டிவ் ஆப்ஜெக்டில் செட்ஆக்டிவை அழைக்க மறந்தால் 'ஈ32யூசர்-சிபேஸ் 46'. தவறான மெமரி முகவரி (பாயின்டர்) என்றால் 'கர்ன்-எக்ஸெக் 3'. 1997க்கு இவை நியாயமான கட்டுப்பாடுகள். பாராட்டத்தக்க பொறியியல் என்றே சொல்ல வேண்டும். 2007இல் ஐபோன் 128 எம்பி ரேமோடு வந்துவிட்டது. மெமரி மலிவான பிறகும் சிம்பியன் புரோகிராமர் பஞ்சகாலக் கணக்கையே எழுதிக்கொண்டிருந்தார்.

இடைமுகத்திலும் இதே கதை. சிம்பியன்மேல் நோக்கியா கட்டிய எஸ்60 இடைமுகம் பட்டன் போனுக்காகப் பிறந்தது: ஜாய்ஸ்டிக்கை நகர்த்தி ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, பிறகு அழுத்தித் திறப்பது. அதன்மேல் தொடுதலை ஒட்டியபோது பட்டியல்களில் முதல் தொடுதல் வரியைத் தேர்ந்தெடுக்கும், இரண்டாவதுதான் திறக்கும். ஆனால் ஐகான் மெனுவில் ஒரே தொடுதல் போதும். விரல் எதை நம்புவது? 5800இன் திரை ரெசிஸ்டிவ் வகை வேறு. இரண்டு படலங்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு அழுத்த வேண்டும், இரண்டு விரல் வைத்துப் படத்தைப் பெரிதாக்க முடியாது.

ஆப்பை எழுதி முடித்தாலும் சர்டிஃபிகேட் இல்லாமல் முழு அனுமதி கிடையாது. சோதனைக்கே குறிப்பிட்ட ஐஎம்இஐ எண்ணுக்கென்று, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி எண்ணுக்கென்று, டிஜிட்டல் கையெழுத்து வாங்க வேண்டும். சர்டிஃபிகேட் காலாவதியான ஆப்பை நிறுவ, போனின் தேதியைப் பின்னுக்கு மாற்றியவர்கள் நம் ஊரிலும் நிறையப் பேர்.

நோக்கியா கைகட்டி நிற்கவில்லை. 2008இல் டிரோல்டெக் நிறுவனத்தை வாங்கியதால் கியூட் என்ற ஆப் எழுதும் கருவித்தொகுப்பு கைக்கு வந்தது. பழைய டிஸ்கிரிப்டர் தொல்லை இல்லாமல் எழுத அது அருமையான வழி. ஆனால் ஏற்கெனவே விற்ற போன்களில் கியூட் இல்லை. ஆப்போடு அதையும் சேர்த்து நிறுவ வேண்டும். நோக்கியாவின் என்97 போனில் 32 ஜிபி இருந்தும் சிஸ்டம் பயன்படுத்தும் சி டிரைவில் இடம் மிகச் சொற்பம், அது சீக்கிரம் நிரம்பிவிடும். சரியான மருந்துதான், உடம்பு ஏற்கவில்லை.

பிறகு 2011 பிப்ரவரி 11. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோனே இனி முதன்மைத் தளம் என்று நோக்கியா அறிவித்தது. அதில் ஓடும் முதல் நோக்கியா போனான லூமியாவோ அந்த ஆண்டுக் கடைசியில்தான் கடைக்கு வந்தது. இடைப்பட்ட மாதங்களில், முடிவு தேதி குறித்துவிட்ட சிம்பியனுக்கு யார் ஆப் எழுதுவார்கள்? மாற்று இல்லாமல் பழையதைக் கைவிட்டதாக அறிவித்தது, என் கணிப்பில், ஐபோனைவிடப் பெரிய அடி. 2012இல், அதுவரை விற்ற லூமியாக்களுக்கு விண்டோஸ் ஃபோன் 8 கிடைக்காது என்றானபோது அதே காயம் மறுபடியும் பட்டது.

கீழ்த்தட்டுச் சந்தையை வேறொரு போட்டி அரித்தது. சிப் நிறுவனமான மீடியாடெக் தன் சிப்போடு போனின் வடிவமைப்பையும் தயாராகக் கொடுத்ததால், மைக்ரோமேக்ஸ் போன்றவர்கள் விரைவாக இரட்டை சிம் போன்களை இறக்கினார்கள். கட்டணத்துக்கேற்ப சிம் மாற்றிப் பேசிய நாட்டில் அது பெரிய விஷயம். நோக்கியா 2010இல் தந்த சி1-00இல் ஒரு நேரத்தில் ஒரு சிம்தான் உயிரோடு இருக்கும். மற்ற எண்ணுக்கு வரும் அழைப்பு கிடைக்காது. இரண்டும் விழித்திருக்கும் மாடல்கள் 2011இல்தான் வந்தன.

நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஷிப்ட் பஸ்ஸில் வந்த இளம்பெண்கள்தான் அதன் லைன்களில் பெரும்பான்மை. 2014 ஏப்ரலில் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது, வரி வழக்கில் சொத்துகள் முடக்கப்பட்டிருந்ததால் இந்த ஆலை அதில் சேரவில்லை. சில மாதங்கள் ஒப்பந்தத்தில் போன் செய்துகொடுத்தது. மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியதும், 2014 நவம்பர் 1 அன்று லைன்கள் நின்றன.