ரப்பர் தேன் கடையின் பதில்களை ஏஐயிடம் கொடுத்த அனுபவம்

தேன் எடுக்கும் குடும்பத்துக்குத் தை பிறந்துவிட்டால் கைகள் போதாது. மார்கழியில் இலை உதிர்க்கும் ரப்பர் மரங்கள் தையிலும் மாசியிலும் தளிர் விடும். அந்தத் தளிர் செம்பு நிறத்திலிருந்து இளம்பச்சைக்கு மாறும் நாட்களில்தான் குமரி மாவட்டத்துத் தேனீப் பெட்டிகள் நிரம்புகின்றன. பங்குனி முடியும்வரை வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் தோட்டத்தில்தான். வாட்ஸ்ஆப்பில் கேள்விகள் குவிவதும் அதே மாதங்களில்தான்: புதுத் தேன் வந்துவிட்டதா, என்ன விலை, பார்சல் அனுப்புவீர்களா? மாலையில் கையில் ஒட்டிய தேனைக் கழுவிவிட்டுப் போனை எடுத்தால், கேட்டவர் வேறு எங்கோ வாங்கி முடித்திருப்பார்.

எங்கள் கடை குலசேகரத்துக்கும் திற்பரப்புக்கும் நடுவே சாலையோரத்தில் இருக்கிறது. திற்பரப்பு அருவிக்கு வருகிறவர்கள், குறிப்பாகத் திருவனந்தபுரம் பக்கத்துக் குடும்பங்கள், ஊர் திரும்பும்போது வண்டியை நிறுத்தி வாங்குவார்கள். தேன் தீர்ந்ததும் போனில் கேட்பார்கள். மாமனாரும் கணவரும் பெட்டிகளைப் பார்க்கிறார்கள். கடை, கணக்கு, போன் மூன்றும் என் பொறுப்பு. இந்த வேலைக்குள் செயற்கை நுண்ணறிவை, அதாவது ஏஐயை, எப்படிக் கொண்டுவந்தோம், எதை அதனிடம் விட்டோம், எதை விடவில்லை என்பதை எழுதி வைத்தால், இங்கே சிப்ஸ் போடுகிறவர்களுக்கும் மட்டி வாழைப்பழம் விற்கிறவர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு விளம்பர நிறுவனம்தான் எங்களைத் தேடி வந்தது. மாதக் கட்டணம் கொடுத்தால் போதும், சமூக ஊடகப் பதிவு, படம், பதில் அனைத்தையும் ஏஐ பார்த்துக்கொள்ளும் என்றார்கள். மாதிரிக்கு ஒரு பதிவும் அனுப்பினார்கள். "ரப்பர் பூக்களில் ஊறிய அமுதம்" என்று தொடங்கியது அது. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதே இல்லை. ஒரு ரப்பர் இலையில் மூன்று சிற்றிலைகள் உண்டு. அவை காம்போடு சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. தளிர்ப் பருவத்தில் அங்கே ஊறும் இனிப்பு நீரைத்தான் தேனீக்கள் உறிஞ்சி வருகின்றன. பதிவோடு வந்த படத்தில் வைக்கோல் கூடையில் ஒரு தேன்கூடு இருந்தது. எங்கள் தோட்டத்தில் இருப்பவையோ தாங்கிகளின்மேல் நிற்கும் மரப்பெட்டிகள். பதிவின் கடைசி வரி, சர்க்கரை நோயை விரட்டும் என்றது. அந்த ஒரு வரிக்காகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மார்த்தாண்டம் தேன் என்ற பெயர் லேசில் கிடைத்ததல்ல. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமச் சீரமைப்பு மையத்தை அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய நாட்களிலிருந்து இங்கே பெட்டியில் தேனீ வளர்க்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் தென்னிந்தியா முழுவதும் இந்தியத் தேனீக்களை அழித்தபோது, மாமனாரின் பெட்டிகளும் காலியாகிவிட்டன. பிழைத்த கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் இன்றைய பெட்டிகளை உருவாக்கினார். ஓர் ஊரின் பொருளுக்கு அந்த ஊர்ப் பெயரை உரியதாக்கும் புவிசார் குறியீடும் 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குக் கிடைத்தது. இவ்வளவு பேர் உழைத்துச் சேர்த்த பெயரை, தேனீயைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு பதிவு கெடுத்துவிடக் கூடாது.

அதனால் நாங்களே செய்வது என்று முடிவெடுத்தோம். நாகர்கோவிலில் பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் உதவிக்கு வந்தான். "சித்தி, அது என்ன எழுத வேண்டும் என்பது பிறகு. அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்" என்றான். முழு வேலைக்கும் வழிகாட்டியது அந்தச் சொல்தான்.

முதல் வேலை, மக்கள் உண்மையில் என்ன கேட்கிறார்கள் என்று பார்ப்பது. வாட்ஸ்ஆப்பில் உரையாடல்களை ஒவ்வொன்றாக ஏற்றுமதி செய்ய முடியும். பெயர், எண், முகவரி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, கேள்விகளை மட்டும் ஏஐயிடம் கொடுத்து வகை பிரிக்கச் சொன்னோம். நீக்குவதற்கு நேரம் பிடித்தது. ஆனாலும் தேன் வாங்க வந்தவரின் வீட்டு முகவரியை எங்கோ இருக்கும் ஒரு கணினிக்கு அனுப்ப நமக்கு என்ன உரிமை? தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்திருப்பேன்.

வகை பிரித்துப் பார்த்தபோது, விலைக்கு அடுத்தபடியாக எல்லோரையும் கவலைப்படுத்திய கேள்வி ஒன்றுதான்: தேன் உறைந்துவிட்டதே, சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறீர்களா? அதற்கடுத்தவை ரப்பர் தேன் உடம்புக்கு நல்லதா, சர்க்கரை நோயாளி சாப்பிடலாமா, குழந்தைக்குக் கொடுக்கலாமா, தேனீக்குச் சர்க்கரை போடுகிறீர்களா என்பவை. விளம்பரம் என்றால் கவர்ச்சியான வரி என்று நினைத்திருந்தோம். எங்கள் வாடிக்கையாளர்கள் எதிர்பார்த்தது நேரான பதிலை.

அடுத்தது தகவல் தாள். ஏஐ எந்தப் பதிலைச் சொன்னாலும் இந்தத் தாளுக்குள் இருப்பதை மட்டுமே சொல்ல வேண்டும், இதில் இல்லாததற்கு 'கடையிலிருந்து பேசுவார்கள்' என்று சொல்லி நிறுத்திவிட வேண்டும் என்பது எங்கள் விதி. அதனால் தாளைக் கையால் எழுதினோம். இதற்கு ஏஐயின் உதவியைத் தேடவில்லை. தேனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இருக்கின்றன. குளுக்கோஸ் விகிதம் கூடுதலாக உள்ள தேன் சீக்கிரம் உறையும். ரப்பர் தேன் அப்படிப்பட்டது. உறைவதால் மட்டும் கலப்படம் என்று சொல்லிவிட முடியாது. பாட்டிலை இளஞ்சூடான நீரில் வைத்தால் இளகிவிடும், அடுப்பில் நேரடியாக வைக்கக் கூடாது. இதையெல்லாம் எழுதினோம். சுத்தமான தேன் தண்ணீரில் விட்டால் அடியில் தங்கும், திரியில் தோய்த்தால் எரியும் என்று ஊரெங்கும் சொல்லும் சோதனைகளால் கலப்படத்தைக் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகம்தான் வழி என்பதையும் எழுதினோம். தாளைக் கொடுப்பதற்கு முன் ஏஐயிடம் கேட்டுப் பார்த்தபோது, அதே தண்ணீர்ச் சோதனையை மிக நம்பிக்கையோடு பரிந்துரைத்தது. ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. நம் நாட்டுத் தேனீயின் தேனில் ஈரம் கூடுதலாகவே இருக்கும். அதைப் பதப்படுத்தித்தான் பாட்டிலில் அடைக்கிறோம் என்பதையும் மறைக்காமல் சேர்த்தோம்.

சர்க்கரைக் கேள்வியில்தான் வீட்டில் நீண்ட பேச்சு நடந்தது. மழைக்காலத்தில் தேனீக்களுக்கு வெளியே உணவு கிடைக்காது. அப்போது கூட்டம் பட்டினியில் சாகாமல் இருக்கச் சர்க்கரைக் கரைசல் வைப்போம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்த விஷயம் இது. வாங்குகிறவர் அறிய மாட்டார். "எங்கள் தேனீக்கள் சர்க்கரையைத் தொட்டதே இல்லை" என்று எழுதிவிட்டால் விற்பனை எளிது. ஏஐ எழுதிய முதல் வரைவிலும் அப்படித்தான் இருந்தது. கணவருக்குத் தயக்கம். "உண்மையைச் சொன்னால் பாதிப்பேர் திரும்பிப் போய்விடுவார்கள்" என்றார். மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. "மழைக்காலத்தில் கூட்டத்தைக் காப்பாற்றக் கரைசல் வைக்கிறோம். அந்தக் காலத்தில் தேன் எடுப்பதில்லை. தளிர் வரும் முன் கரைசலை நிறுத்திவிடுகிறோம். எடுப்பது மேலே இருக்கும் தேன் அறையிலிருந்து மட்டும். இதை இப்படியே எழுது மக்களே" என்றார். அப்படியே எழுதினேன். பலர் அந்தப் பதிலைப் படித்துவிட்டு மேலும் கேள்வி கேட்டார்கள், பிறகு வாங்கினார்கள். வாங்காமல் போனவர்களும் உண்டு. அதில் எனக்கு வருத்தமில்லை.

உடல்நலக் கேள்விகளை ஏஐயிடம் விடவே இல்லை. நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. உணவு விளம்பரங்களுக்கு 2018இல் தனி விதிமுறைகளும் வந்திருக்கின்றன. கணினி எழுதியது என்று சொல்லி யாரும் தப்பிக்க முடியாது. கடையின் பெயரில் வந்தால் அது கடையின் சொல். ஆகவே சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மருந்து, கர்ப்பம் போன்ற சொற்கள் வந்தால், நாங்கள் முன்பே எழுதி வைத்த ஒரே பதில் போகும்: தேனிலும் சர்க்கரை இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள்.

குழந்தைக் கேள்விக்கு மாமியாரோடு பேச வேண்டியிருந்தது. பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைப்பது பல வீடுகளில் வழக்கம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகளைப் பெரியவர்களின் குடல் சமாளித்துவிடும், பச்சைக் குழந்தையின் குடலால் முடியாது என்று சொன்னேன். "மாமி, நம் தேன் சுத்தம்தான். சுத்தமான தேனிலும் அந்த வித்து இருக்கலாம்" என்றதும் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் பாட்டிலிலும் எழுதி ஒட்டு" என்றார். இன்று எங்கள் லேபிளிலும் அந்த வரி இருக்கிறது. இந்த முழு முயற்சியில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது அதுதான்.

தொழில்நுட்ப இணைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலி இலவசம். வரவேற்புச் செய்தி, கடை நேரம் முடிந்த பின் போகும் செய்தி, விரைவுப் பதில்கள், விலையோடு கூடிய பொருள் பட்டியல் எல்லாம் அதிலேயே உண்டு. பல கடைகளுக்கு இது மட்டுமே போதும். ஏஐ நேரடியாகப் பதில் சொல்ல வேண்டுமானால், வாட்ஸ்ஆப்பை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் வணிக இணைப்பு தேவை. அதற்கு வேறொரு சிம் வாங்கி, சிறுதொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றைக் கொடுத்து விண்ணப்பித்தோம். வாடிக்கையாளர் செய்தி அனுப்பிய 24 மணி நேரத்துக்குள் சொல்லும் பதிலுக்கு மெட்டா கட்டணம் வாங்குவதில்லை. நாமாக அனுப்பும் விளம்பரச் செய்திக்கு ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு, அதன் வாசகத்துக்கு முன்கூட்டியே ஒப்புதலும் வாங்க வேண்டும். இருப்பு விவரம் கூகுள் ஷீட்டில் இருக்கிறது. ஒரு வகைத் தேன் தீர்ந்துவிட்டால் அந்தக் கட்டத்தை மாற்றினால் போதும், ஏஐ ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடும். இந்தக் கட்டம் இல்லாமல் யாரும் தொடங்க வேண்டாம். இல்லாத தேனுக்குப் பணம் வாங்கிவிட்டால் பெயர் போய்விடும்.

பதிவுகளை வாரத்துக்கு ஒருமுறை ஏஐ வரைவாக அதே ஷீட்டில் எழுதி வைக்கும். நான் படித்துத் திருத்தி, பக்கத்துக் கட்டத்தில் 'சரி' என்று போட்டால்தான் ஃபேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் போகும். படங்கள் எல்லாம் எங்கள் தோட்டத்தில் எடுத்தவை. ஏஐ படங்களை ஒன்றுகூடப் போடுவதில்லை. திருத்தும்போது அடிக்கடி நீக்க வேண்டியிருப்பது புவிசார் குறியீடு பற்றிய வரியை. மார்த்தாண்டம் என்ற பெயரைக் கண்டதும் 'புவிசார் குறியீடு பெற்ற எங்கள் தேன்' என்று அது எழுதிவிடுகிறது. அந்தக் குறியீட்டைப் பாட்டிலில் போட, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். எங்கள் பயனாளர் பதிவு முடியும்வரை அந்த வரி வராது.

கூகுளில் வரும் விமர்சனங்களுக்கும் ஏஐ வரைவு எழுதுகிறது, அனுப்புவது நான். நல்ல விமர்சனங்களை ஏஐயால் எழுதிப் போட்டுத் தருகிறோம் என்று சிலர் அணுகினார்கள். அது கூகுளின் விதிகளுக்கும் விரோதம், வாங்குகிறவருக்கும் துரோகம். பக்கத்துக் கடைக்காரரும் இதைக் கேட்டுக்கொண்டு விலகி நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எதிர்பாராத நன்மை மலையாளத்தில் கிடைத்தது. எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. தகவல் தாள் தமிழில்தான் இருக்கிறது. மலையாளத்தில் கேட்டால் ஏஐ மலையாளத்தில் பதில் சொல்கிறது. நெய்யாற்றின்கரையில் ஆசிரியையாக இருக்கும் தோழி ஒருவர் அந்தப் பதில்களைப் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகே திறந்துவிட்டோம். வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் இரவு வேலை முடிந்து கேட்கிறார்கள். அப்போது நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம். வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அவர்கள் போடும் ஆர்டர்கள் முன்பெல்லாம் பெரும்பாலும் கைநழுவிப் போயின, இப்போது காலையில் ஷீட்டில் வரிசையாக இருக்கின்றன.

குரல் செய்திகளில்தான் இன்னும் வழி தெரியவில்லை. எங்கள் பகுதிப் பேச்சை, அதுவும் மலையாளம் கலந்து வேகமாகப் பேசும் பெரியவர்களின் பேச்சை, ஏஐ எழுத்தாக்கும்போது அளவும் விலையும் மாறிவிடுகின்றன. அரைக் கிலோ ஒரு கிலோ ஆகிறது. ஆகவே குரல் செய்தி வந்தால் அது எதுவும் செய்யாமல் என் போனுக்கு அனுப்பிவிடும்படி வைத்திருக்கிறோம். அவர்களை நானே திரும்ப அழைத்துப் பேசுகிறேன். அடுத்த தைக்குள் மலையாள விலைப்பட்டியலைத் தயார் செய்வதும், ஆய்வகத்தில் கொடுத்த ஈரப்பதச் சோதனை முடிவைத் தகவல் தாளில் சேர்ப்பதும் மீதி இருக்கின்றன.