பழைய சொகுசு காரில் முதலில் சாவது ரப்பர்தான்

பத்துப் பதினைந்து வயதான சொகுசு காரின் முன்பக்கம் தளர்ந்துவிட்டது என்றால், பெரும்பாலும் இரும்பு தேய்ந்திருக்காது. ரப்பர் செத்திருக்கும். சின்னக் காரில் ஒரு பக்கத்துக்கு ஒரு லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடியோடு இணைக்கும் கை), அதில் இரண்டு புஷ் (உலோகக் குழல்களுக்கு நடுவே ரப்பர் வைத்த மூட்டு), ஒரு பால் ஜாயிண்ட் (குழிக்குள் உருண்டை சுழலும் மூட்டு), அவ்வளவுதான். 1994-ல் வந்த முதல் தலைமுறை ஆடி ஏ4-ல் ஒரு பக்கத்துக்கே நான்கு ஆர்ம்: மேலே இரண்டு, கீழே இரண்டு. வலமும் இடமும் சேர்த்தால் எட்டு ஆர்ம், எட்டு பால் ஜாயிண்ட், குறைந்தது எட்டு புஷ். போதாததற்கு டை ராட் (ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு), ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாயாமல் தடுக்கும் குறுக்குக் கம்பியின் முனையில் உள்ள சிறு தண்டு), ஸ்ட்ரட் டாப் மவுண்ட் (ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பாடியோடு பிடிக்கும் ரப்பர்). புதிதில் அந்த வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியதற்கு இந்த மூட்டுகள்தான் காரணம். இப்போது எது தட்டுகிறது என்று தேடி அலைய வைப்பதும் இவைதான்.

ஓடிய கிலோமீட்டர் குறைவு என்பதால் ரப்பர் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஓடாமல் நின்றாலும் ரப்பர் இறுகும், வெடிக்கும். எஞ்சினிலிருந்தோ பவர் ஸ்டீயரிங் குழாயிலிருந்தோ எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தால் கீழே உள்ள புஷ் ஊறி, உப்பி, சீக்கிரமே கிழியும். அப்படிப்பட்ட வண்டியில் கசிவை நிறுத்தாமல் புஷ்ஷை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

சத்தம் எந்தப் பக்கம் வருகிறது என்று காது சொல்வதை அதிகம் நம்ப வேண்டாம். சப்ஃபிரேமும் (ஆர்ம்கள் மாட்டியிருக்கும் அடிச்சட்டம்) பாடியும் சத்தத்தைக் கடத்தும். இடப்பக்க லிங்க் தட்டுவது வலப்பக்கக் காலடியில் கேட்கும். சத்தம் எப்போது வருகிறது என்பதுதான் நல்ல தடயம். மெதுவாகப் போகும்போது ஒரு சக்கரம் மட்டும் சின்னப் பள்ளத்தில் இறங்கினால் கடகடவென்று சத்தம், இரண்டு சக்கரமும் ஒன்றாக வேகத்தடையில் ஏறினால் அமைதி என்றால் ஸ்டெபிலைசர் லிங்க்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கும்போது ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கப்படுவதில்லை, அதனால் லிங்க்குக்கு வேலை இல்லை. பிரேக் போட்டு நிற்கும் கணத்திலும், ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் மிதிக்கும்போதும் ஒரே ஒரு ‘டொக்’ வந்தால், முன்பின் விசையைத் தாங்கும் ஆர்மின் புஷ். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளுவதுபோல் ‘டங்’ என்றால் டாப் மவுண்ட் பேரிங். திருப்பத்தில் கிறீச்சென்று முனகினால், பூட் (மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் வற்றிய பால் ஜாயிண்ட்.

எல்லோரையும் ஏமாற்றும் கோளாறு ஒன்று உண்டு. நெடுஞ்சாலை வேகத்தில் பிரேக்கை மெல்ல மிதித்தால், மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு இறங்குவதற்குள் ஸ்டீயரிங் இடமும் வலமும் படபடக்கும். உடனே டிஸ்க் வளைந்துவிட்டது என்று டிஸ்க்கையும் பேடையும் மாற்றுவார்கள். சில ஆயிரம் கிலோமீட்டர் நன்றாக இருக்கும், பிறகு அதே படபடப்பு திரும்பிவிடும். பிஎம்டபிள்யூ இ39 வகை 5 சீரிஸில் (1995-2003) இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அதில் ஒரு பக்கத்துக்குக் கீழே இரண்டு ஆர்ம். ஒன்று குறுக்காகப் போகும், மற்றொன்று சாய்வாகப் போய்ப் பிரேக்கின் விசையைத் தாங்கும். சாய்வான ஆர்மின் புஷ்ஷுக்குள் திரவம் நிரப்பியிருப்பார்கள். டிஸ்க்கின் கனத்தில் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே பிரேக் பிடியில் ஒரு துடிப்பு பிறக்கும். அதை விழுங்கி, ஸ்டீயரிங்குக்குப் போகாமல் தடுப்பது அந்தத் திரவம்தான். ரப்பர் வெடித்து அது ஒழுகிப்போனால், எந்த டிஸ்க்கிலும் இருக்கக்கூடிய சிறு துடிப்புகூடப் பெரிதாகிக் கைக்கு வரும். புதிய டிஸ்க் போட்டால் துடிப்பின் மூலம் சிறிது காலம் குறைகிறது, அவ்வளவே. புஷ் இருக்கும் இடத்தைச் சுற்றிக் கருப்பாக எண்ணெய் படிந்திருக்கிறதா, நடுவில் உள்ள உலோகக் குழல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு டிஸ்க்கைக் குறை சொல்லலாம்.

இனி வண்டியைத் தூக்கிச் சோதிப்பது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வருவது பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங்கின் ஆட்டம். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் வருவது டை ராடின் ஆட்டம். ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், அப்படியே இருந்தால் மூட்டு. இதில் பலர் கவனிக்காத விஷயம், ஜாக்கியை எங்கே வைக்கிறோம் என்பது. ஸ்பிரிங் லோயர் ஆர்மின்மேல் உட்கார்ந்திருக்கும் வண்டியில் கீழ் பால் ஜாயிண்ட்தான் வண்டியின் பாரத்தைச் சுமக்கிறது. சக்கரத்தைத் தொங்கவிட்டால் ஸ்பிரிங் அந்த ஜாயிண்டை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும், எவ்வளவு தேய்ந்திருந்தாலும் ஆட்டம் தெரியாது. அதற்கு ஜாக்கியை லோயர் ஆர்மின் வெளிமுனைக்கு அருகில் கொடுத்துத் தூக்க வேண்டும். மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு) உள்ள வண்டியில் நேர்மாறு. ஸ்டாண்டைப் பாடிக்குக் கீழே கொடுத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பால் ஜாயிண்டில் ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது. புஷ் கிழிந்தால் வண்டி தட்டும். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கும்.

புஷ்ஷை நெம்பிப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. திரவப் புஷ் புதிதாக இருந்தாலும் நெம்பினால் நகரும். நகர்கிறது என்பதற்காக மாற்ற வேண்டாம். உட்குழலிலிருந்து ரப்பர் பிரிந்திருக்கிறதா, விரிசல் உள்ளே ஆழமாகப் போகிறதா, ஒழுகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. மேற்பரப்பில் மயிரிழைபோல் தெரியும் வெடிப்புகள் வயதின் சுருக்கங்கள்தான். டை ராடைச் சோதிக்க, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒருவர் எஞ்சினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் கொஞ்சமாக அசைக்க, இன்னொருவர் வெளியிலிருந்து மூட்டில் விரல் வைத்துப் பார்த்தால் போதும், ‘டிக்’ என்று விரலுக்குத் தெரிந்துவிடும். ஸ்டெபிலைசர் லிங்க்கில் சந்தேகம் தீரவில்லையா? இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றிக் கம்பியை எதிலும் உரசாமல் கட்டிவிட்டு, ஆளில்லாத தெருவில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்கள். சத்தம் போயிருந்தால் முடிவு கிடைத்துவிட்டது.

கழற்றுவதற்கு முன், வண்டி சமதளத்தில் நிற்கும்போதே, சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று இரு பக்கமும் அளந்து எழுதி வைக்க வேண்டும். இந்த அளவு எதற்கு என்று பின்னால் வரும். சக்கரத்தைக் கழற்றிய பிறகு கேலிப்பரை (பிரேக் பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பாகம்) கழற்ற வேண்டியிருந்தால் அதைப் பிரேக் குழாயில் தொங்கவிடாமல் ஸ்பிரிங்கில் கம்பி கட்டி மாட்டுங்கள். ஏபிஎஸ் ஒயர், ஹெட்லைட் உயரத்தைக் கவனிக்கும் சென்சாரின் சின்னத் தண்டு இரண்டையும் ஆர்மிலிருந்து முதலில் விடுவிக்க வேண்டும். அந்தத் தண்டின் பிளாஸ்டிக் மூட்டு வயதானதும் தொட்டாலே உடையும்.

பால் ஜாயிண்டைப் பிரிக்கக் கவை வடிவ ஆப்பை அடித்து ஏற்றினால் பூட் கிழியும். தூக்கி எறியப்போகும் ஆர்ம் என்றால் பரவாயில்லை, திரும்பப் போடப்போவது என்றால் திருகு வைத்த புல்லர்தான். நட்டைத் திருப்பும்போது ஸ்டட் (பால் ஜாயிண்டிலிருந்து நீளும் தண்டு) சேர்ந்தே சுழன்றால், கீழிருந்து ஜாக்கியால் ஆர்மை லேசாக அழுத்தி ஸ்டட்டை அதன் கூம்புத் துளையில் இறுக்கலாம், அல்லது ஸ்டட்டின் முனையில் உள்ள குழியில் சாவி வைத்துப் பிடிக்கலாம்.

ஆடியின் நான்கு ஆர்ம் அமைப்பில் முதுகை ஒடிப்பது ஆர்ம் அல்ல, ஒரு போல்ட். மேலே உள்ள இரண்டு ஆர்ம்களின் ஸ்டட்டையும் நக்கிளின் (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் உலோகக் கட்டை) தலையில் ஒரே நீளமான பிஞ்ச் போல்ட்தான் கவ்விப் பிடிக்கிறது. போல்ட் இரும்பு, பல மாடல்களில் நக்கிள் அலுமினியம். இரண்டுக்கும் நடுவில் ஈரம் புகுந்து வெண்துரு கட்டினால், நட்டு கழன்ற பிறகும் போல்ட் அசையாது. சுத்தியலால் மரை உள்ள முனையில் அடித்தால் முனை நசுங்கிக் காளான்போல் விரியும், அதற்குப் பிறகு துளை வழியாக அது வரவே வராது. முந்தின நாளிலிருந்தே துருவை இளக்கும் எண்ணெயை இரு பக்கமும் விட்டு ஊறவைப்பது, போல்ட்டின் தலையை ஸ்பானரால் பிடித்து முன்னும் பின்னும் சிறிது சிறிதாகச் சுழற்றுவது, அது சுழன்ற பிறகு மட்டும் தட்டுவது என்ற வரிசையில் போக வேண்டும். சுழலவில்லை என்றால் நக்கிளைச் சூடாக்கலாம். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும் என்பதால் பிடி தளரும். நக்கிளின் பிளவில் உளியைச் செருகி அகட்டுவது மட்டும் கூடவே கூடாது. அலுமினியம் வளைந்து கொடுக்காது, விரிசல் விடும். வேலையைத் தொடங்கும் முன்பே புது பிஞ்ச் போல்ட்டும் நட்டும் கையில் இருக்கட்டும்.

இப்போது அந்த அளவு. புது ஆர்ம் போட்ட ஆறே மாதத்தில் புஷ் கிழிந்தால் பாகம் மட்டம் என்று திட்டுவார்கள். பல நேரம் குற்றவாளி பாகமல்ல, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுதாக முடுக்கிய கைதான். ரப்பர் புஷ்ஷில் எதுவும் சுழல்வதில்லை. உள்குழலும் வெளிக்குழலும் ரப்பரோடு ஒட்டப்பட்டவை. போல்ட் இறுகினால் உள்குழல் சப்ஃபிரேமோடு ஒன்றாகிவிடும். ஆர்ம் ஏறி இறங்குவது முழுக்க ரப்பரின் முறுக்கில்தான் நடக்கிறது. 35 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆர்மின் வெளிமுனை, தொங்கும்போது 9 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருந்தால் கோணம் ஏறத்தாழ 15 டிகிரி. அந்த நிலையில் முடுக்கினால், வண்டியை இறக்கி வைத்த கணத்திலிருந்து ரப்பர் எப்போதும் 15 டிகிரி முறுக்கிலேயே இருக்கும், நின்றாலும் ஓடினாலும். பள்ளத்தில் விழுந்தால் அதற்கும் மேல். கிழியாமல் என்ன செய்யும்?

ஆகவே எல்லா புஷ் போல்ட்டுகளையும் கையால் உட்காரும் அளவுக்கு மட்டும் முடுக்கிவிட்டு, ஜாக்கியை நக்கிளுக்கோ லோயர் ஆர்மின் வெளிமுனைக்கோ கீழே கொடுத்து, ஹப்பின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை பழைய அளவு வரும்வரை உயர்த்தி, அங்கே வைத்து டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) இறுக்க வேண்டும். அப்படி உயர்த்தும்போது பாடி ஸ்டாண்டிலிருந்து எழும்பப் பார்க்கும், கண் அதன்மேல் இருக்கட்டும். நான்கு சக்கரமும் மேடையில் நிற்கும் லிஃப்ட் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆடியின் மேல் ஆர்ம்கள் விதிவிலக்கு. வண்டியில் ஏற்றிய பிறகு அந்த போல்ட்டுகளுக்குச் சாவி போகாது. பிராக்கெட்டோடு மேசையில் வைத்தே, சர்வீஸ் புத்தகம் சொல்லும் மில்லிமீட்டர் இடைவெளியில் ஆர்மைப் பிடித்து இறுக்கியாக வேண்டும். அந்த எண்ணைத் தேடி எடுக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். பால் ஜாயிண்ட் நட்டுகளுக்கும், தாராளமாகச் சுழலும் பாலியூரிதேன் புஷ்களுக்கும் இந்த விதி பொருந்தாது.

கழற்றிய சுயபூட்டு நட்டுகளைத் திரும்பப் போடக் கூடாது. இத்தனை நியூட்டன் மீட்டர், அதற்குமேல் இத்தனை டிகிரி என்று அளவு கொடுத்திருந்தால் அந்த போல்ட் இழுபட்டு இறுகும் வகையாக இருக்கலாம். பெரும்பாலும் ஒருமுறைதான் பயன்படும். கூம்புத் துளையைத் துணியால் துடைத்து உலர்வாக விடுங்கள், கிரீஸ் வேண்டாம்.

ஆர்மில் புஷ்ஷை மட்டும் பிரஸ் வைத்து மாற்றுவது மலிவு. ஆனால் அதே ஆர்மின் பால் ஜாயிண்டுக்கும் அதே வயதுதானே? ஜாயிண்ட் புதிதாக இருந்தால் ஒழிய முழு ஆர்மாக, இரு பக்கமும் ஜோடியாக வாங்குவதே நல்லது. புஷ்ஷை மட்டும்தான் மாற்றுகிறீர்கள் என்றால், ரப்பரில் உள்ள வெற்றிடங்கள் எந்தத் திசையில் இருந்தன என்று பழையதை எடுக்கும் முன் பெயின்ட்டால் குறித்துக்கொள்ளுங்கள். திசை மாறினால் எந்த விசைக்கு நெகிழ வேண்டுமோ அதற்கு இறுகி நிற்கும். அழுத்தி ஏற்றச் சோப்பு நீர் போதும், எஞ்சின் எண்ணெய் ரப்பரைத் தின்னும்.

பாகத்தின் தேர்வில் லெம்ஃபோர்டர், டிஆர்டபிள்யூ போன்றவை பல ஜெர்மன் வண்டிகளுக்குத் தொழிற்சாலையிலேயே போனவை. மெய்லே நிறுவனத்தின் ஹெச்டி வரிசை, திரவப் புஷ்ஷுக்குப் பதில் கெட்டி ரப்பர் தருகிறது: ஒழுகாது, கொஞ்சம் கடினம். பாலியூரிதேன் இன்னும் நாள் தாங்கும், ஆனால் சாலையின் ஒவ்வொரு சிராய்ப்பையும் இருக்கைக்கு அனுப்பும். சொகுசு காரை வாங்கிவிட்டு அதன் சொகுசை நாமே பிடுங்குவானேன்? பெயரில்லாத முழு கிட் மலிவாகக் கிடைக்கும். அதில் பால் ஜாயிண்ட் பூட்தான் முதலில் கிழியும்.

காற்று ஸ்பிரிங் உள்ள வண்டியைத் தூக்கும் முன் ஜாக்கி நிலை இருந்தால் அதைப் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும். வேலை முடிந்து காற்று நிரம்பும் முன் பாரத்தை ஸ்பிரிங்கின்மேல் இறக்கினால் ரப்பர் பை மடிந்து கிழியும்.

அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது) கட்டாயம். அதற்கு முன் டயர் காற்றும் வண்டியின் உயரமும் சரியாக இருக்க வேண்டும். பிஎம்டபிள்யூ இ39-க்கு முன் இருக்கைகளில் 68 கிலோ வீதமும் பின் இருக்கையின் நடுவில் 68 கிலோவும் வைத்து, டிக்கியிலும் சிறு எடை ஏற்றி, டேங்க் நிரம்பிய நிலையில் பார்க்கச் சொல்கிறது அந்நிறுவனம். மெர்சிடிஸில் முன் சக்கரங்களுக்கு நடுவே அகட்டும் கம்பி ஒன்றை வைத்து டோ அளவை (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) பார்க்கும் முறை உண்டு. பட்டறையில் இதெல்லாம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். டயரின் உள்விளிம்பு மட்டும் வழித்ததுபோல் தேய்ந்திருந்தால் அந்த டயர் தேய்ந்த வடிவிலேயே இரைந்துகொண்டிருக்கும், புது ஆர்மைப் பழி சொல்ல வேண்டாம். ஸ்டீயரிங் கோண சென்சாரைச் சுழியமாக்கி, ஹெட்லைட் மட்டத்தையும் பார்த்துவிட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை தூக்கி, பூட்களையும் ஏபிஎஸ் ஒயர் உரசுகிறதா என்பதையும் பாருங்கள்.